சில பற்களுக்குப் பதில் இம்ப்ளான்ட்: பத்து, இருபது ஆண்டு கழித்து என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இம்ப்ளான்ட் வைக்க வருபவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு ஆகும், வலிக்குமா என்ற இரண்டும்தான். வைத்த பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்டாலும் "லைஃப்டைம்" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஈறு மருத்துவத்தில் இருப்பவன் என்பதால் எனக்குப் பெரும்பாலும் அந்தப் பிந்தைய ஆண்டுகளோடுதான் வேலை. ஒரு பல்லோ ஏழெட்டுப் பற்களோ போய், மீதிப் பற்கள் வாயில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல் முழுக்கப் போனவர்களின் கதை வேறு.

படிப்பதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். எலும்புக்குள் போகிற டைட்டானியம் திருகுதான் இம்ப்ளான்ட். வெளியே பல்லாகத் தெரிவது கேப். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்புத் துண்டை அபட்மென்ட் என்பார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. கீழே வரும் பல பதில்கள் இதை வைத்துத்தான் புரியும்.

ஒருமுறை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

சிலருக்கு இருக்கும். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1965-இல் யெஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் பேராசிரியர் பெர்-இங்வர் பிரோனமார்க் டைட்டானியம் திருகுகளை வைத்தார். 2006-இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அவை வாயிலேயே இருந்தன. விளம்பரங்களில் வரும் "லைஃப்டைம்" என்ற பேச்சுக்கு அடிப்படை இப்படிப்பட்ட கதைகள்தான்.

ஆனால் ஒருவரின் கதை கணக்காகாது. சில பற்களை மட்டும் இழந்தவர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வைத்த நூறு இம்ப்ளான்டுகளில் ஏறத்தாழ 93 முதல் 96 வரை பத்தாம் ஆண்டிலும் எலும்பில் இருக்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 303 பேருக்கு வைத்த 511 இம்ப்ளான்டுகளில், பத்தாண்டு கழித்து 98.8 சதவீதம் இருந்தன. அங்கே வைத்தவர்கள் தேர்ந்த கைகள், நோயாளிகளும் சொன்ன நாளில் செக்கப்புக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லா ஊரிலும், எல்லா கிளினிக்கிலும் அதே எண் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இருபது, முப்பது ஆண்டுக் கணக்குகளும் உண்டு. ஆனால் அவற்றில் பலவும் இன்று யாரும் வைக்காத பழைய வழவழப்பான திருகுகளைப் பற்றியவை. இன்றைய சொரசொரப்பான மேற்பரப்பு எலும்போடு சீக்கிரம் ஒட்டும், ஆரம்பத் தோல்வியும் குறைவு.

"95 சதவீதம் வெற்றி" என்று போர்டில் போட்டிருக்கிறார்கள். அதில் எதை எண்ணுகிறார்கள்?

நல்ல கேள்வி. இதை எல்லாரும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பெரும்பாலும் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: திருகு வாயில் இருக்கிறதா, இல்லையா. சுற்றிலும் சீழ் வடிந்தாலும், பாதி எலும்பு கரைந்திருந்தாலும், திருகு கழன்று கையில் வராதவரை அது "இருக்கிறது" பட்டியலில்தான் சேரும். வெற்றி என்பதற்கு 1986-லேயே ஸ்வீடன் ஆய்வாளர் ஆல்ப்ரெக்ட்சனின் குழு தனி அளவுகோல் வகுத்தது. திருகு ஆடக் கூடாது, வலியும் தொற்றும் இருக்கக் கூடாது, முதல் ஆண்டுக்குப் பிறகு எலும்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் குறையக் கூடாது. இதை வைத்து அளந்தால் எண் இறங்கும்.

அப்புறம், திருகு ஒரு கணக்கு, மேலே உள்ள கேப் இன்னொரு கணக்கு. ஒற்றைப் பல் இம்ப்ளான்டைப் பற்றி 2012-இல் வந்த தொகுப்பாய்வில், பத்தாம் ஆண்டில் திருகுகளில் 95 சதவீதம் இருந்தன, முதலில் வைத்த கேப்களில் 89 சதவீதம்தான் இருந்தன. இம்ப்ளான்டுகளின் மேல் வைத்த பிரிட்ஜ்களை, அதாவது பல பற்களை ஒரே துண்டாக இணைத்துச் செய்த வரிசைகளைப் பற்றி அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வில், பத்தாம் ஆண்டில் திருகு 93 சதவீதம், பிரிட்ஜ் 80 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: முதல் ஐந்து ஆண்டில் சின்னதோ பெரியதோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் கடந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். மீதிப்பேர் ஏதாவது ஒரு காரணத்துக்காக டாக்டரிடம் போயிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் சிலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கேப்பின் ஓரம் சில்லாகத் தெறிப்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது, மெருகு போட்டால் தீர்ந்தது. ஆனால் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வைத்த சில மாதத்திலேயே ஆடிக் கழன்றுவிட்டது என்று சிலர் சொல்கிறார்களே?

அது ஆரம்பத் தோல்வி. திருகு எலும்போடு ஒட்டவே இல்லை என்று பொருள். ஓட்டை போடும்போது எலும்பு சூடாகிப் போவது, தொற்று, ஒட்டும் முன்பே கடிக்கும் பாரம் விழுவது, எலும்பு மென்மையாக இருப்பது, புகை என்று காரணங்கள் பல. மேல் கடைவாயில் எலும்பு கொஞ்சம் பஞ்சு மாதிரிதான் இருக்கும். அங்கே காத்திருக்கும் காலமும் அதிகம்.

ஆரம்பத் தோல்வியால் மனம் உடைய வேண்டாம். எடுத்துவிட்டு, எலும்பு ஆறிய பிறகு பெரும்பாலும் திரும்ப வைக்கலாம். பல ஆண்டு கழித்து வரும் தோல்விதான் தொல்லை, ஏனென்றால் அது போகும்போது சுற்றியுள்ள எலும்பையும் கூட்டிக்கொண்டு போகும்.

பல ஆண்டு நன்றாக இருந்தது ஏன் கெட்டுப்போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இயற்கைப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. தூளி மாதிரி நூற்றுக்கணக்கான நார்களில் தொங்குகிறது. அந்த நார்களில் ரத்த ஓட்டம் உண்டு, உணர்வு உண்டு. ஈறின் நார்களும் பல்லின் வேருக்குள் குறுக்காகப் புதைந்திருப்பதால், கிருமி கீழே இறங்குவதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. இம்ப்ளான்டுக்கு இதெல்லாம் கிடையாது. எலும்பு நேராக உலோகத்தோடு ஒட்டியிருக்கிறது. ஈறு அதைச் சுற்றி அணைத்திருக்கிறதே தவிர உள்ளே புதைந்திருக்கவில்லை. சொத்தை அதற்கு வராது, வாஸ்தவம். ஆனால் ஈறு நோய் வரும், வந்தால் இயற்கைப் பல்லில் பரவுவதைவிட வேகமாகப் பரவும்.

முதல் கட்டத்தில் ஈறு மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். இரண்டாம் கட்டத்தில் எலும்பு கரையத் தொடங்கும். இதைப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்கிறோம். போன எலும்பை அப்படியே திரும்பக் கொண்டுவருவது ரொம்பக் கடினம். நிறுத்தி வைக்கப் போராடுகிறோம் என்பதுதான் சரியான சொல்.

எத்தனை பேருக்கு வரும்? ஸ்வீடனில் 2003-இல் இம்ப்ளான்ட் சிகிச்சை பெற்றவர்களை ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கழித்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். பரிசோதித்த கிட்டத்தட்ட 600 பேரில் 14.5 சதவீதம் பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் இருந்தது. லேசானதையும் சேர்த்தால் 45 சதவீதம். ஒரு இம்ப்ளான்டாவது இழந்தவர்கள் 7.6 சதவீதம். பல் முழுக்கப் போனவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள், ஆனாலும் பொதுமக்களில் நடப்பதைக் காட்டும் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளின் கணக்கு அல்ல.

இதில் மோசமான விஷயம், வலிக்காது. பாதி எலும்பு போன பிறகும் "நல்லாத்தான் டாக்டர் கடிக்கிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. கடிக்கத்தான் முடியும், திருகின் கீழ்ப்பாதி இன்னும் எலும்பில் இறுகத்தானே இருக்கிறது.

வலிக்காது என்றால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பல் துலக்கும்போது அந்த இடத்தில் மட்டும் ரத்தம் வருவது. விரலால் ஈறை அழுத்தினால் மஞ்சளாக ஏதோ வருவது. அந்தப் பக்கம் மட்டும் நாற்றம். கேப்புக்குக் கீழே சாம்பல் நிற உலோகம் தெரியத் தொடங்குவது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம் என்று தள்ளிப் போடாதீர்கள். திருகே ஆடுகிறது என்றால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது. கேப் மட்டும் ஆடினால் அது வேறு விஷயம், கீழே சொல்கிறேன்.

வைத்த பிறகு செக்கப்புக்கு வந்தே ஆக வேண்டுமா? வீட்டில் நன்றாகத்தான் துலக்குகிறேன்.

வந்தே ஆக வேண்டும். பிரேசிலில் ஒரு குழு, இம்ப்ளான்டைச் சுற்றி ஈறு வீக்கம் இருந்தவர்களை ஐந்து ஆண்டு கவனித்தது. ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எலும்பு கரையும் கட்டம் வந்தது. வராதவர்களில் 44 சதவீதம். ஒரு மாத்திரை இந்த அளவு வித்தியாசம் காட்டியிருந்தால் பத்திரிகையில் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

செக்கப் என்றால் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் அல்ல. நுனி மழுங்கிய, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதை ஈறுக்கும் கேப்புக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, நான்கைந்து இடத்தில் ஆழம் அளப்போம். எடுத்துவிட்டு அரை நிமிடம் காத்திருந்து ரத்தம் கசிகிறதா என்று பார்ப்போம். போன முறை 3 இருந்த இடம் இந்த முறை 6 என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த எக்ஸ்ரேயை எதோடு ஒப்பிடுவது? கேப் மாட்டிய அன்று எடுத்த எக்ஸ்ரேயோடு. அதனால்தான் கேப் மாட்டும் அன்று ஒரு எக்ஸ்ரே எடுத்து ஒரு காப்பி கொடுங்கள் என்று கேட்டு வாங்கச் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் எலும்பு இப்போது குறைந்ததா, முதலிலிருந்தே அப்படித்தானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். பயோரியாவால் (முற்றிய ஈறு நோயால்) பல் போனவர்கள், சர்க்கரைக்காரர்கள், புகைப்பவர்கள் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

எனக்குப் பயோரியாவால்தான் பற்கள் ஆடி விழுந்தன. நான் வைக்கலாமா?

வைக்கலாம். முதலில் மீதிப் பற்களின் ஈறு நோயை அடக்க வேண்டும். அதே வாயில் அதே கிருமிகள்தானே இருக்கின்றன. ஒரு இத்தாலியக் குழு பத்தாண்டு பின்தொடர்ந்தது: ஈறு நன்றாக இருந்தவர்களுக்கு வைத்த இம்ப்ளான்டுகளில் 96.6 சதவீதம் நிலைத்தன, நடுத்தர ஈறு நோய் இருந்தவர்களுக்கு 92.8, கடுமையாக இருந்தவர்களுக்கு 90. எண்களில் பெரிய பள்ளம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் நிலைத்தவற்றிலும் எலும்பு குறைந்ததும் அறுவை தேவைப்பட்டதும் ஈறு நோயாளிகளிடம்தான் அதிகம். பராமரிப்பைப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

"ஆடுகிற பல்லை எல்லாம் எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கொஞ்சம் எலும்பு குறைந்த பல்லை ஈறு சிகிச்சையும் பராமரிப்பும் கொடுத்து பல ஆண்டு ஓட்டலாம். காப்பாற்றக்கூடிய பல்லை எடுத்து இம்ப்ளான்ட் வைப்பதால் நீண்டகாலத்தில் லாபம் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. என் கருத்து இதில் கொஞ்சம் கறாரானது: பல் தானாக விடைபெறும்வரை அதை விரட்டக் கூடாது.

சர்க்கரை இருக்கிறது. நிலைக்குமா?

கட்டுக்குள் இருந்தால் நிலைக்கிறது. சில ஆண்டு வரையான கணக்கில் மற்றவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்குக் கீழே வரட்டும் என்று பல டாக்டர்கள் காத்திருப்பார்கள். ஆனால் வைக்கும் நாளில் சர்க்கரை நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஐந்து ஆண்டு கழித்து சர்க்கரை எகிறினால் ஈறும் எலும்பும் அப்போதுதான் பாதிக்கப்படும்.

சிகரெட், பாக்கு, ஹான்ஸ்?

புகைப்பவர்களுக்குத் தோல்வி ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேல்தாடையில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வைப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்தி, தையல் பிரித்ததும் மறுபடி பற்றவைப்பவர்கள் நிறைய. ஒட்டுவதற்கு அது உதவலாம், பத்தாண்டுக் கணக்குக்கு உதவாது.

பாக்கு, குட்கா பழக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகி வாய் திறப்பு குறைந்துவிடும். இரண்டு விரல்கூட நுழையாத வாயில் கடைவாய்க்கு டிரில்லைக் கொண்டுபோகவே முடியாது. எப்படியோ வைத்தாலும் அங்கே பிரஷ் போகாது. அந்த இறுக்கம் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால் முதலில் அதற்குச் சிகிச்சை, இம்ப்ளான்ட் பேச்சு அப்புறம்.

எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். அலெண்ட்ரோனேட் போன்ற வாராந்திர மாத்திரைகள், ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரோனிக் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் எல்லாம் இதில் வரும். எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடும் அளவில் தாடை எலும்பு அழுகும் ஆபத்து குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. புற்றுநோய்க்காக அதே மருந்துகளை அதிக அளவில் போட்டுக்கொள்பவர்களுக்கு இம்ப்ளான்ட் வேண்டாம் என்பதே பொது வழக்கம். நீங்களாக மருந்தை நிறுத்திவிட்டு வராதீர்கள். குறிப்பாக டெனோசுமாபைத் திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு. இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.

கேப் ஆடுகிறது. போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. திருகையும் அபட்மென்டையும் இணைக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இறுக்கிவிட்டால் சரி. ஆனால் ஆடுகிற கேப்பில் நாள்கணக்கில் முறுக்கும் சீடையும் கடித்துக்கொண்டிருந்தால் அந்த ஸ்க்ரூ உள்ளேயே முறியும். முறிந்த துண்டை வெளியே எடுப்பது பெரிய வேலை, சில சமயம் எடுக்கவே முடியாமல் நல்ல இம்ப்ளான்டைக் கைவிட வேண்டியிருக்கும். ஆடத் தொடங்கிய அன்றே அந்தப் பக்கம் கடிப்பதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

கேப்பைப் பிடித்து நிறுத்துவதில் இரண்டு வகை: ஸ்க்ரூவால் இறுக்குவது, சிமென்ட் போட்டு ஒட்டுவது. எனக்கு ஸ்க்ரூ வகைமீது சாய்வு அதிகம். ஒட்டும்போது ஈறுக்குக் கீழே பிதுங்கிய சிமென்ட் துளியை முழுக்கத் துடைத்தெடுப்பது கஷ்டம், எக்ஸ்ரேயிலும் எப்போதும் தெரியாது. 2009-இல் வந்த ஓர் ஆய்வில், ஈறு நோய்க்குறி இருந்த இம்ப்ளான்டுகளில் 81 சதவீதத்தில் இப்படித் தங்கிய சிமென்ட் இருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் முக்கால்வாசிப் பேருக்கு அந்த அறிகுறிகள் போய்விட்டன.

இரவில் பல் நறநறவென்று கடிப்பவர்கள் கேப்பின் பீங்கான் தெறிப்பதையும் ஸ்க்ரூ தளர்வதையும் அடிக்கடி பார்ப்பார்கள். இம்ப்ளான்டுக்கு உணர்வு நார்கள் இல்லாததால் அதிகமாகக் கடிக்கிறோம் என்று வாய்க்குத் தெரிவதில்லை. பற்களை மூடும் உறையான நைட் கார்டு போட்டுக்கொண்டு தூங்குங்கள், அவ்வளவுதான்.

முன்பு இல்லாத இடைவெளி இப்போது வந்திருக்கிறது. கீரை, கறி நார் மாட்டிக்கொள்கிறது. சரியாக வைக்கவில்லையா?

பெரும்பாலும் வைத்தவரின் குற்றமில்லை. உங்கள் இயற்கைப் பற்கள் வாழ்நாள் முழுக்க மெல்ல முன்பக்கமாக நகர்கின்றன. இம்ப்ளான்ட் வைத்த இடத்தில் அசையாமல் நிற்கிறது. சில ஆண்டில் முன்னால் உள்ள பல் கொஞ்சம் தள்ளிப்போய் இடைவெளி விழும். வாயில் மீதிப் பற்கள் உள்ளவர்களுக்கே உரிய தொல்லை இது. அதைக் கவனிக்காவிட்டால் பக்கத்து நல்ல பல்லில் சொத்தை விழும். ஸ்க்ரூ வகைக் கேப் என்றால் கழற்றி, பக்கவாட்டில் பீங்கான் சேர்த்து மாட்டலாம். அதுவரை பல்லிடுக்கு பிரஷ்.

முன்பல்லில் இதுவே வேறு மாதிரி வரும். பக்கத்துப் பற்கள் மெல்லக் கீழிறங்க, இம்ப்ளான்ட் பல் மட்டும் மேலே நின்றதுபோல் குட்டையாகத் தெரியும். பதினாறு, பதினேழு வயதில் அடிபட்டு முன்பல் போன பிள்ளைகளுக்கு உடனே வைக்காதே என்று சொல்வது இதனால்தான். வளர்ச்சி முடியட்டும். அதுவரை ஒட்டுப் பல்லோ கழற்றி மாட்டும் பல்லோ போதும். இருபதுகளில் வைத்தவர்களுக்கும் ஓரளவு இந்த நகர்வு உண்டு.

வயசானவர்களுக்கு?

வயது தனியாக ஒரு தடை இல்லை. எழுபதிலும் எலும்பு ஒட்டுகிறது. கை நடுக்கம், கண் பார்வை, மறதி வந்தபின் அங்கே யார் பிரஷ் போடுவார்கள் என்பதை மட்டும் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். எளிதாகச் சுத்தம் செய்யக்கூடிய வடிவத்தில் கேப் கேளுங்கள்.

எலும்பு போதாது என்று எலும்புப் பொடி போட்டு வைத்தார்கள். அது நிலைக்குமா?

மேல் கடைவாயில் சைனஸை (பல்லுக்கு மேலே உள்ள காற்றறையின் அடித்தளத்தை) உயர்த்தி வைக்கும் முறைக்கு நீண்டகாலக் கணக்கு நன்றாகவே இருக்கிறது. சொரசொரப்பான இம்ப்ளான்டுகள் சொந்த எலும்பில் நிலைப்பதற்குக் கிட்டத்தட்ட அதே அளவில் அதிலும் நிலைக்கின்றன. உயரத்தைக் கூட்டச் செங்குத்தாகப் போடும் எலும்பில்தான் சிக்கல்கள் அதிகம்.

இம்ப்ளான்டா, பிரிட்ஜா? நீண்டகாலத்தில் எது?

பத்தாண்டுக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். இருபக்கப் பற்களைச் செதுக்கி வைக்கும் பழைய பாணி பிரிட்ஜ் பத்தாண்டில் ஏறத்தாழ 89 சதவீதம் நிலைக்கிறது. ஒற்றை இம்ப்ளான்ட் கேப்பும் அதே 89. கேட்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும், பிரிட்ஜ் என்றால் பழையது, மட்டம் என்று நம்பி வருகிறார்கள். வித்தியாசம் எண்ணில் இல்லை, தோற்றால் என்ன போகும் என்பதில் இருக்கிறது. பிரிட்ஜ் தோற்றால் அதைத் தாங்கிய பல்லும் போகலாம். இம்ப்ளான்ட் தோற்றால் பக்கத்துப் பல் தப்பும், எலும்பு குறையும்.

ஆகவே, இரு பக்கமும் கை படாத நல்ல பற்கள் இருந்தால் நான் இம்ப்ளான்ட் பக்கம். இரண்டு பக்கப் பற்களும் ரூட் கேனால் செய்து எப்படியும் கேப் போட வேண்டியவை என்றால் பிரிட்ஜ் போதும், பணமும் மிச்சம். ஒரு முனை பல்லிலும் மறு முனை இம்ப்ளான்டிலும் நிற்கும் கலப்பு பிரிட்ஜ் மட்டும் முடிந்தவரை வேண்டாம். பல் அசையும், இம்ப்ளான்ட் அசையாது. அந்த வகையின் பத்தாண்டுக் கணக்கு 78 சதவீதத்துக்கு இறங்குகிறது.

கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போயிருந்தால், எதுவுமே வைக்காமல் இருப்பதும் ஒரு மரியாதையான தேர்வுதான். எல்லா இடைவெளியையும் நிரப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?

தாராளமாக. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தலைப்பகுதிப் படத்தில் அந்த இடம் கொஞ்சம் மங்கலாம், டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

கம்பெனி ஆயுள் வாரண்டி அட்டை கொடுத்திருக்கிறதே?

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் திருகு உடைந்தாலோ ஒட்டாவிட்டாலோ புதுத் திருகு தருவார்கள். கேப், எலும்புப் பொடி, டாக்டர் கட்டணம் பெரும்பாலும் அதில் வராது. செக்கப்புக்கு வராதவர்களுக்கு வாரண்டி செல்லாது என்ற வரியும் பல அட்டைகளில் இருக்கும்.

வெளியூரில் வைத்தேன். அந்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டார். இப்போது கேப் ஆடுகிறது. எங்கே போனாலும் "என்ன கம்பெனி?" என்று கேட்கிறார்கள்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியின் ஸ்க்ரூவுக்கும் தனி அளவு, தனி முனை. ஒன்றில் அறுகோணக் குழி, இன்னொன்றில் நட்சத்திரக் குழி, ஒரே மாதிரி தெரிந்தாலும் அளவில் நுண்ணிய வித்தியாசம். தப்பான சாவியைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும், அதன் பிறகு எடுப்பது நரக வேதனை.

இம்ப்ளான்ட் வரும் பெட்டியில் ஒட்டக்கூடிய சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பொதுவாக டாக்டர் அதை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார். இப்போதுதான் வைக்கப் போகிறீர்கள் என்றால், அதன் இன்னொரு பிரதியையோ ஒரு போட்டோவையோ அன்றே கேட்டு வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

உங்களிடம் அது இல்லை என்பதால் வேறு வழி பார்ப்போம். பழைய டாக்டரின் போன் நம்பர் இன்னும் வேலை செய்கிறதா பாருங்கள். கிளினிக்கை வேறு யாராவது எடுத்து நடத்தினால் பழைய கேஸ் ஷீட்டுகள் அவரிடம் இருக்கலாம். கேப் செய்த லேபிலும் பதிவு இருக்கும், பில்லில் லேப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், அந்த ஒரு பல்லுக்கு மட்டும் நேர்க்கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மரை வடிவத்தையும் கழுத்தையும் வைத்துக் கம்பெனியை அடையாளம் காணப் பழகியவர்கள் அங்கே இருப்பார்கள், பல கம்பெனிகளின் சாவிகளும் இருக்கும். அதுவரை அந்தப் பக்கம் கடிக்காதீர்கள், ஆடும் கேப்பை நீங்களே பிடுங்கவும் பார்க்காதீர்கள். தானாகக் கழன்று வந்தால் ஒரு டப்பாவில் போட்டுக் கூடவே எடுத்துச் செல்லுங்கள், அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தே பலர் கம்பெனியைச் சொல்லிவிடுவார்கள்.